டிசிஎம் புட்டியைத் திறக்கும் முன்

டர்பனில் ஒரு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன், வீடு சாட்ஸ்வர்த்தில். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: டைகுளோரோமீத்தேன், சுருக்கமாக டிசிஎம், என்ற கரைப்பான் விஷயத்தில் மூக்கை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி வேலையிடக் காற்றில் அதன் எட்டு மணி நேரச் சராசரி 2 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கை, தாண்டக் கூடாது. அந்த இனிப்பு வாடையோ பலருக்கு 100 பிபிஎம்முக்கு மேல் போனால்தான் தெரியும். உள்ளே போனதில் ஒரு பங்கு உடம்பிலேயே கார்பன் மோனாக்சைடாக மாறும். தலை வலித்தால் பசி என்று நினைத்து பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, டிசிஎம் இல்லாமல் முடியாதா என்பதுதான். கலவையைக் குழாய் வழியே ஓட்டிப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் நிரல் குரோமட்டோகிராபிக்கு எத்தில் அசிட்டேட்டும் எத்தனாலும் 3:1 கலந்து, அதை ஹெப்டேனோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். தண்ணீரிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்க எத்தில் அசிட்டேட்டே பல நேரம் போதும். ஆனால் டிசிஎம் தண்ணீருக்கு அடியில் நிற்கும், எத்தில் அசிட்டேட் மேலே மிதக்கும். பழக்க தோஷத்தில் மேலடுக்கைக் கொட்டிவிட்டு மூன்று நாள் உழைப்பைத் தேடியவர் உண்டு. இந்த மாற்றுக் கரைப்பான்கள் தீப்பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

டிசிஎம்தான் வேண்டுமென்றால் எல்லாமே ஃப்யூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி), விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி. கண்ணாடிக் கதவைத் தாழ்த்தி, அதன் கீழ் விளிம்பில் ஒரு டிஷ்யூ துண்டை ஒட்டுங்கள். அது உள்பக்கம் இழுபடாவிட்டால் வேலை வேண்டாம். கொதிநிலை 40 டிகிரிதான். ஜனவரி வெயிலில் மூடியைத் திருகும்போதே புஸ்ஸென்று வரும், மெல்லத் திறங்கள். திரவ அடுக்குகளைப் பிரிக்கும் குழாய் வைத்த பிரிபுனலை ஒரு தடவை மெதுவாக ஆட்டியதுமே, அதன் குழாய் முனையை ஹூட்டின் பின்சுவர் பக்கம் திருப்பி, உள்ளே சேர்ந்த காற்றை விடுங்கள்.

நீல நைட்ரைல் கையுறையை டிசிஎம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பட்டால் உடனே கழற்றிக் கை கழுவி வேறு போடுங்கள். நீண்ட வேலைக்கு பாலிவினைல் ஆல்கஹால் கையுறை உண்டு, ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். துணி முகமூடி எதற்கும் உதவாது.

அப்புறம் நம்மூர்க் கதை. லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) நாட்களில் ஜெனரேட்டர் விளக்கை எரித்தது, ஹூட் மின்விசிறி மட்டும் நின்றது. வெளிச்சம் இருந்ததால் ஒருவர் வேலையைத் தொடர்ந்து, தள்ளாடியபடி வெளியே வந்தார். அன்றிலிருந்து எங்கள் முறை: கரண்ட் போனால் புட்டிகளை மூடு, கழிவுக் கேனின் புனலை எடுத்து மூடியைப் போடு, கண்ணாடியை இறக்கு, வெளியே போ. கரண்ட் வந்ததும் டிஷ்யூ ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை.