இனிஷியல் செய்த வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலை விசாவில் 5 வருடம் முடிந்ததும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். நிரந்தர வேலைக்கான கடிதமும் கையில் இருந்ததால், இனி என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப் பெயராகி, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருமணச் சான்றிதழில் இரண்டுமே இல்லை. நம் ஊரில் இது ஒரே ஆள். கோப்பைப் பார்த்தவருக்கு மூன்று பேர்! திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் இருக்கும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டு அக்கா, "வக்கீலுக்குக் காசு அழாதே தம்பி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ" என்றார். போலீஸா என்று முதலில் தயங்கினேன். ஆனால் தென்னாப்பிரிக்காவில் பிரமாணப் பத்திரத்துக்கு போலீஸ் அதிகாரியே சான்றளிக்கலாம், கட்டணமும் கிடையாது. மூன்று பெயரும் என்னுடையதே என்று எழுதி, அவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது.

அதற்குள், குற்ற வழக்கு இல்லை என்று இந்தியாவிலிருந்து வாங்கிய போலீஸ் சான்றிதழுக்கு 6 மாதம் தாண்டிவிட்டது, செல்லாது. டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் அதன் வழியாகப் புதிதாக வாங்கினேன். மற்ற காகிதமெல்லாம் சேர்ந்த பிறகு இதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வரை போகும் எண்ணம் எனக்கு இல்லை. அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதற்குப் பிறகு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்து ஊரில் ஓட்டுப் போட முடியாது.