பழைய லோடர்ல புதுச் சத்தமா? கழட்ட முதல் இதப் பாருங்க

மட்டக்களப்புப் பக்கம் கிரவலுக்கும் மணலுக்கும் ஓடுற வீல் லோடர் கனக்க பழசுதான், சத்தம் வந்த உடனே பம்ப் போயிட்டு எண்டு கழட்டாதீங்க, சத்தம் எப்ப வருது எண்டு முதல்ல பிரிச்சிப் பாருங்க.

மெஷின ஒரே இடத்துல நிப்பாட்டி பக்கட்ட மட்டும் தூக்குங்க. அப்ப ஊளையிடுற மாதிரிக் கேட்டா ஹைட்ரோலிக் பக்கம்தான், அதாவது பம்ப் ஒயில அமுக்கி பக்கட்டத் தூக்குற பகுதி. ஒயில் மட்டம் குறஞ்சிருக்கா பாருங்க, நுரைச்சிருந்தா அனேகமா பம்புக்கு ஒயில் போற சக்ஷன் ஹோஸ் கிளிப் லூசாகி காத்து இழுக்குது, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திட்டு, மாரி வெள்ளத்துக்குள்ள நிண்ட மெஷின்ல இது நான் பாத்திருக்கன். ஒயில வடிகட்டுற ஸ்ட்ரெய்னர் அடைச்சாலும் இதே ஊளைதான், அத கழுவினாலே சில நேரம் சரியாகிரும், பம்புக்குக் காசு கொட்டத் தேவல்ல.

முன்னுக்குப் பின்னுக்கு மாத்தக்குள்ள டங் எண்டு அடிச்சா சாஃப்ட் குரொஸ், அதாவது வீலுக்கு சுத்து குடுக்குற சாஃப்ட்டுட மூட்டு, தேஞ்சிட்டு. ஸ்பீடோட சேந்து கூடுற அரைச்சல் எண்டா வீல் நடுவுல இருக்கிற ஹப் இல்லாட்டி ரெண்டு வீலுக்கும் சுத்தப் பிரிச்சிக் குடுக்குற டிஃபரென்ஷல், அதுட ஒயில வடிச்சி காந்தத்த வெச்சிப் பாருங்க, மெல்லிய தூள் பரவால்ல, துண்டு துண்டா இரும்பு வந்தா அதுக்குப் பிறகு ஓடவே வேணாம்.

திருப்பக்குள்ள மட்டும் கிறீச்செண்டா மெஷின் நடுவுல மடங்குற மூட்டுல இருக்கிற பின்னுக்கு (pin) கிரீஸ் இல்ல. ஆனா அந்த நடுவுக்குள்ள பூர முதல் பக்கட்ட நிலத்துல வெச்சி, இஞ்சின நிப்பாட்டி, மூட்டு மடங்காமப் பிடிக்கிற லொக் பார் கட்டாயம் போடுங்க, நசுங்கினா உசிரு மிஞ்சாது.