பழைய காரின் ஆட்டோமேட்டிக் ஏசியை சுவிட்ச், கேபிளுக்கு மாற்றுவது எப்படி?

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் என் 2006 மாடல் காரின் ஏசி பேனல் இருண்டுபோனது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே 22 வைத்தால் அனல்காற்று, 18 வைத்தால் சத்தமே இல்லை. புதுப் பேனலுக்குச் சொன்ன விலையில் நாலு டயரும் மாற்றிவிடலாம். சரி, மூளையே வேண்டாம், கையால் திருகிக்கொள்வோம் என்று இறங்கினேன்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பேனலைப் பிரித்து, சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டிருந்தால் மறுபடி சால்டர் வைத்தாலே பிழைத்துவிடலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி பத்து நிமிடம் கழித்துத்தான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, தொடாதீர்கள். கேஸ் பைப் எதையும் கழற்ற வேண்டிய வேலையே இதில் இல்லை.

ப்ளோயர் (காற்றை ஊதும் விசிறி): உங்கள் காரின் மலிவு மாடலில் இருக்கும் நாலு வேக சுவிட்சையும், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரையும் பழைய சாமான் கடையில் தேடுங்கள். ரெசிஸ்டர் காற்று போகும் பாதைக்குள் உட்கார வேண்டும், வெளியே வைத்தால் கருகும். முழு வேகத்தில் ப்ளோயர் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ், உச்ச வேகத்துக்குத் தனி ரிலே. வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். மதுரை வெயிலில் அந்தப் பசை உருகி வழியும். வயர் முனையை நசுக்கி இணைக்கும் நல்ல கிரிம்பிங் டூல் ஒன்று வாங்குங்கள்.

சூடு-குளிர் கதவு (சூடான காற்றா, குளிர்ந்த காற்றா என்று தீர்மானிக்கும் உள்கதவு): அதை அசைக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, டிராக்டர் இன்ஜினை நிறுத்த இழுப்பார்களே, அந்தக் கேபிளைப் போட்டேன். திருமங்கலம் பக்கம் எந்த டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். உள்ளே ஒற்றைக் கம்பியா என்று பார்த்து வாங்குங்கள். முறுக்குக் கம்பி இழுக்கும், தள்ளாது.

கம்ப்ரசர்: நேராக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் திணறி அணைந்தும் போகலாம். பழைய பேனலிலிருந்து இசியுவுக்கு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) 'ஏசி வேண்டும்' என்று சொல்லும் வயர் ஒன்று போகும். அது 12 வோல்ட் கேட்கிறதா, எர்த் கேட்கிறதா என்று வயரிங் டயகிராமில் பாருங்கள். அந்தச் செய்தி தனி வயரில் இல்லாமல், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனில் போகிற கார் என்றால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள். ப்ளோயர் ஓடாதபோது ஏசி சுவிட்சுக்கு மின்சாரம் வரக்கூடாது. கேஸ் அழுத்தம் தவறினால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சை பைபாஸ் செய்யச் சொல்லும் மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் செய்து, பெருமையாகத் திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். விருதுநகர் வரை ஜில்லென்று வந்த காற்று சாத்தூர் தாண்டியதும் சுருங்கிவிட்டது. ப்ளோயர் சத்தம் கேட்கிறது, காற்று இல்லை. கோவில்பட்டியில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காருக்கடியில் குடம் உடைந்த மாதிரி தண்ணீர், காற்றும் பழையபடி. அப்போதுதான் உறைத்தது: கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டி, காற்று போக வழியில்லாமல் போயிருக்கிறது. காயிலின் குளிரைப் பார்த்து அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்தியது நான் தூக்கி எறிந்த பேனல்தான்.

இதற்கு, பழைய கார்களில் வரும் குழாய் வைத்த தெர்மோஸ்டாட் போதும். ஏசி சுவிட்சுக்கும் இசியு வயருக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். அதன் மெல்லிய குழாயின் நுனி, மூன்று விரல் அகலத்துக்காவது காயில் தகடுகளுக்குள் இருக்க வேண்டும். வழி செய்ய ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், காயில் ஓட்டையானால் கேஸ் மொத்தமும் போய்விடும். விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும். குழாயை மடக்காமல் வளைத்துச் செருகுங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்து, 4, 5 டிகிரியில் கம்ப்ரசர் நிற்கும்படி திருகுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், மதுரையில் ஹீட்டர் எதற்கு என்று கேபிள் போடாமல், சூடு-குளிர் கதவைக் குளிர்ப் பக்கமே பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிட்டார். கொடைக்கானல் போகையில் பெருமாள்மலை அருகே முன்கண்ணாடி முழுக்க உள்ளே பனி படிந்து, துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினாராம். கேபிளைப் போடுங்கள். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் கதவுக்கும் இன்னொரு கேபிள் வாங்கிவிடுங்கள்.