ஆரி வேலையைச் சிறுதொழிலாக்குதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஆரி வேலைக்கான (துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் செய்யும் பூத்தையல்) பயிற்சி வகுப்பை முடித்து, உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு ஓரிரு ரவிக்கைகள் செய்து கொடுத்த பிறகு, இதையே தொழிலாக்கலாமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு, ஊசி பிடிக்கவும் சங்கிலித் தையல் போடவும் தெரியும் என்ற அடிப்படையில், அடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதிரிகளைத் தயாரித்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ராசில்க் துணியில் ஒரு சாண் அகலத்துக்கு எளிய கழுத்து வேலை ஒன்று, கைப்பட்டி வேலை ஒன்று, ஜர்தோசியும் (சுருள் வடிவ உலோக இழை) கல்லும் நிறைந்த மணப்பெண் வேலை ஒன்று என மூன்று தரங்களில் மாதிரிகள் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும், செலவான நூல், மணி, சம்கி ஆகியவற்றின் அளவையும் அதன் பின்புறத்திலேயே சீட்டாக ஒட்டிவிடுங்கள். பிற்பாடு வாடிக்கையாளர் ஒரு வடிவத்தைக் காட்டி விலை கேட்கும்போது, அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நீங்கள் பதில் சொல்லப்போகிறீர்கள்.

2. விலையைக் கணக்கிடுங்கள்

பக்கத்துத் தெருவில் வாங்கும் விலையைக் கேட்டு அதில் நூறு ரூபாய் குறைத்துச் சொல்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அது கணக்கே அல்ல. பொருள் செலவு, வேலை நேரத்துக்கான கூலி, வடிவம் பதிக்கும் செலவு ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, பொருளுக்கு 350 ரூபாய், பத்து மணி நேரத்துக்கு மணிக்கு 80 ரூபாய் வீதம் 800 ரூபாய், வடிவம் பதிக்க 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடக்கவிலையே 1,250 ரூபாய் ஆகிறது. ஊசி முறிவு, மின்சாரம், கல் உதிர்ந்தால் திருத்திக் கொடுக்கும் வேலை ஆகியவற்றுக்காக அதன்மேல் ஒரு பங்கு சேர்த்த பிறகு வருவதே நீங்கள் சொல்ல வேண்டிய விலை. தையல் கூலி இதில் அடங்காது என்பதை முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுங்கள்.

3. துணியைக் கவனமாக வாங்கிக்கொள்ளுங்கள்

முகூர்த்தப் பட்டுப் புடவையோடு வரும் ரவிக்கைத் துணி கெட்டுப்போனால் அதே துணி மறுபடி கிடைப்பது அரிது என்பதால், இந்தப் படியில் அவசரம் கூடாது. வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே துணியை விரித்து, கறையோ இழை விலகலோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ரவிக்கை ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உடலில் அளந்து எழுதிய எண்களைவிட, நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கையே நம்பத்தக்கது.

துணியை வெட்டாமல், தைக்கப்போகும் வடிவத்தை அதன்மேல் வரைந்து, தட்டினால் ஓசை எழும் அளவுக்குத் துணியைக் கட்டையில் (ஆரி வேலைக்கான சட்டத்தில்) இழுத்துக் கட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். துளையிட்ட பட்டர் பேப்பரின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து வடிவம் பதிப்பவர்கள், முதலில் துணியின் ஓரத்தில் சோதித்து, கறை படியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தையல் கோட்டின்மேல் மணியோ கல்லோ வரக்கூடாது. வந்தால் தையற்காரரின் இயந்திர ஊசி உடையும், அவர் அந்த மணிகளை நசுக்கி எடுப்பார், நூல் அங்கிருந்து பிரியத் தொடங்கும். கழுத்து வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தைக்கப்போகிறவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் கழுத்து ஓரத்தில் பைப்பிங் (துணியால் ஆன மெல்லிய விளிம்புப் பட்டி) வைப்பவருக்கும் மடித்துத் தைப்பவருக்கும் வேண்டிய இடைவெளி ஒன்றல்ல.

4. மாதத்தைப் பார்த்து வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஏறத்தாழ நின்றுபோகும். ஆகவே முன்பணமாகப் பாதித்தொகையை வாங்கி, திருமண நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே ஒப்படைக்கும் தேதியைக் குறியுங்கள். தையலுக்கும் நாள் வேண்டும் என்பதை வாடிக்கையாளர்கள் மறந்துவிடுவார்கள். ஆடி மாதத்தில் புதிய மாதிரிகள் செய்வதும், சென்னையில் இருப்பவர்கள் சௌகார்பேட்டை போன்ற மொத்தக் கடைகளுக்குச் சென்று நூலும் மணியும் வாங்கி வைப்பதும் பயனுள்ளவை. ஒரே நிறத்து நூல் வெவ்வேறு சாயத் தொகுதிகளில் சற்று மாறுபடும் என்பதால், ஒரு வேலைக்குத் தேவையான நூலை ஒரேயடியாக வாங்கிவிடுங்கள்.

5. பதிவும் கடனும்

வருமானம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளரின் துணியில் வேலை செய்து தருவது சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. தையல் இயந்திரமோ கூடுதல் கட்டைகளோ வாங்க, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கலாம். உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பணம் கேட்கும் இணையப் பக்கத்தை மூடிவிட்டு, அரசின் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யுங்கள்.