கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் டவுனில் டயர் கடை, லாரி பட்டறை, மரப் பட்டறை, கொஞ்சம் வெளியே போனால் தோட்டத்துச் செம்பனை ஆலை என்று காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும் கம்ப்ரசர் ஓடாத இடம் குறைவு. பல வருடமாக இந்த மெஷின்களோடுதான் என் பிழைப்பு. நான் பார்த்த பெரிய பழுதுகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் ஆரம்பித்திருக்கின்றன. மெஷினோடு வரும் புத்தகத்தை நம்பலாம், ஆனால் அதில் இருக்கும் கால அளவுகள் பெரும்பாலும் சுத்தமான, அவ்வளவு ஈரமில்லாத இடத்துக்கு எழுதியவை. நம் ஊரில் காலையில் பனி, மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை, அதனால் இங்கே கணக்கே வேறு.

30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 7 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தினால், வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து, காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சூடு ஆறியதும் அந்தச் சின்ன இடத்தில் 5 கிராம் ஆவிக்குத்தான் இடம் உண்டு, மிச்சம் 19 கிராம் தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 1000 லிட்டர் காற்று இழுக்கும் சாதாரண பட்டறை மெஷின் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் தொட்டியிலும் லைனிலும் சேர்ந்து 9 லிட்டர் தண்ணீர் விழும். பாதி நேரம்தான் ஓடுகிறது என்றாலும் அரை வாளி. இதை யாராவது ஒருவர் தினமும் வெளியே எடுக்காவிட்டால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு டயர் கடையில் தொட்டிக்கு அடியில் ஈரமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சிமெண்டுத் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது, அதன் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை, அதில் பழுப்பு நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தி, காற்றை முழுக்க இறக்கி, தொட்டியின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வைக் கழற்றினேன், உள்ளே துருச் சேறு விரல் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது. மூன்று வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லையாம். கடைக்காரர், “அண்ணே, ஒரு வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுங்களேன், வேலை நிற்கிறது” என்று கேட்டார். முடியாது என்றேன். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 7 பார் காற்று இருந்தால், அதன் ஒரு பக்க மூடியை மட்டும் ஏறக்குறைய 14 டன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒட்டுப் போட்ட இடம் பிளந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிரோடு இருக்க மாட்டார். அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட வைத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

சரி, தண்ணீரை எப்படி எடுப்பது? காலையில் மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் எடுங்கள், ராத்திரி முழுக்க ஆறி தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். தொட்டியில் 1, 2 பார் மட்டும் காற்று இருக்கும்போது வால்வை மெதுவாகத் திறங்கள், முழு அழுத்தத்தில் சட்டென்று திறந்தால் முகத்தில் அடிக்கும். கீழே வாளி வைத்து, வெறும் காற்று சீறும் வரை விடுங்கள். விட்டுவிட்டு அப்படியே போய்விடாமல் வாளிக்குள் பாருங்கள், மெஷினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் தெரியும். தெளிந்த தண்ணீர் என்றால் நல்லது. பழுப்பாக வந்தால் உள்ளே துரு ஓடுகிறது. பால் மாதிரி வெள்ளையாக வந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து போகிறது, பிஸ்டன் மெஷினாக இருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்தத் தண்ணீரை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாதீர்கள், ஆயில் கலந்தது. கழிவு ஆயிலோடு சேர்த்து மூடி வைத்து முறையாக எடுப்பவர்களிடம் கொடுங்கள். தானாகத் தண்ணீரை வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, நிஜமாகவே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஆயில் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அது வேலை செய்கிற மாதிரியே இருக்கும், சொட்டுத் தண்ணீர் வராது.

தொட்டியின் தகுதிச் சான்றிதழ் தேதியையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 2024 ஜூன் 1-ல் நீக்கப்பட்டதும் இனி ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சோதனை கிடையாது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை, அது 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து காற்றை விடும் சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒரு தடவை இழுத்து, காற்று விடுகிறதா, விட்டதும் சரியாக மூடுகிறதா என்று சோதியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இழுங்கள். ஒழுகுகிறது என்று அதன் ஸ்குருவை முறுக்கக் கூடாது, அதை எடுத்துவிட்டுப் பிளக் அடிக்கவே கூடாது.

அடுத்தது காற்று உள்ளே போகும் வழி. செம்பனை ஆலையில் நார்த் தூசியும் பாய்லர் கரியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பில்டரிலும் கூலர் தகடுகளிலும் கம்பளி மாதிரி படியும். ஸ்குரு மெஷினின் (பிஸ்டனுக்குப் பதிலாகத் திருகு உருளைகள் சுழன்று காற்றை அழுத்தும் வகை) புத்தகத்தில் பில்டருக்கு 2000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில் அதை நம்பாமல் வாரம் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கூலரைக் காற்று போகிற திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுங்கள், இல்லையென்றால் தூசி இன்னும் உள்ளே போய் அடையும். பில்டரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிப் போடுவது சில பட்டறைகளில் இன்னும் நடக்கிறது, அந்த ஆவி சூடான சிலிண்டருக்குள் போனால் வெடிக்கும். இன்னொன்று, ரப்பர் பால் ஸ்டோரை ஒட்டி கம்ப்ரசர் ஷெட் கட்டாதீர்கள். பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியா காற்றில் கலந்து உள்ளே போனால் செம்பு, பித்தளை எதையும் விட்டுவைக்காது. செம்புக் குழாயில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் மூக்கை வைத்துப் பாருங்கள். காற்று எடுக்கும் வாயைக் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டாலே போதும்.

ஆயில் விஷயத்தில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். லாரி என்ஜின் ஆயிலை பிஸ்டன் கம்ப்ரசரில் ஊற்றுகிறார்கள். அதில் அழுக்கைக் கரைக்கும் மருந்து இருக்கிறது, அது தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், வால்வில் கரியும் கட்டும். பிஸ்டனுக்குப் பொதுவாக 100 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) கம்ப்ரசர் ஆயில், புது மெஷினில் முதல் 50 முதல் 100 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 500 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஸ்குருவுக்குப் பெரும்பாலும் 46 கிரேடு, மணி நேரத்தை மட்டும் கம்பெனி சொன்னபடி வையுங்கள். ஸ்குரு மெஷினின் சூடு 75 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சூடு கூடினால் ஆயில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், குறைவாக இருந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியவில்லை. பெரிய மெஷினை வாங்கி வைத்து அரைகுறையாக ஓட்டினால் அது சூடே ஏறாமல், தண்ணீர் ஆயிலுக்குள்ளேயே தங்கி, ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள், பேரிங் போய்விடும்.

பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10, 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

காதையும் கொஞ்சம் கொடுங்கள். மெஷின் நிற்கும்போது சில நொடி சீறி அடங்குவது சரிதான், நின்ற பிறகும் சீறிக்கொண்டே இருந்தால் தொட்டி வாயில் காற்றைத் திரும்பி வர விடாமல் தடுக்கும் செக் வால்வு பிடிக்கவில்லை. பில்டர் வாயில் கையை வைத்தால் காற்று உள்ளே இழுக்க வேண்டும், புஸ் புஸ் என்று கையில் திருப்பி அடித்தால் உள்வால்வு போய்விட்டது. காலியான தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று மெஷின் புதிதாக இருக்கும்போதே சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி பார்த்து, நேரம் கூடிக்கொண்டே போனால் ரிங்கோ வால்வோ தேய்கிறது என்று அர்த்தம்.

லைனில் ஒழுகலைப் பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் எல்லா டூலையும் நிறுத்திவிட்டு, ஸ்பாஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகப் பூசிக்கொண்டே போங்கள். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 7 பாரில் நிமிடத்துக்கு 600 லிட்டருக்கு மேல் காற்றை விடும், அதாவது நான் மேலே சொன்ன பட்டறை மெஷின் இழுப்பதில் பாதிக்கு மேல், அவ்வளவும் கரண்ட் பில்லில் போகிறது. அழுத்தம் போதவில்லை என்று சுவிட்சை ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஒரு பார் ஏற்றினால் 6, 7 சதவீதம் கரண்ட் கூடும். கிளைக் குழாயைப் பெரிய குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள், அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர் நேராக ஸ்ப்ரே கன்னுக்குப் போகும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசியைக் காற்றுக்குப் போடவே போடாதீர்கள், அது கண்ணாடி மாதிரி சிதறும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் கடையை மூடுகிறீர்கள் என்றால், மெயின் சுவிட்சை அணைத்து, காற்றை முழுக்க இறக்கி, டிரெயின் வால்வைத் திறந்த மாதிரியே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஆயில் மட்டத்தைப் பார்த்து, பிஸ்டன் மெஷினாக இருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, தடங்கல் இல்லை என்று தெரிந்த பிறகு போடுங்கள். வால்வு திறந்தபடியே பத்து நிமிடம் ஓடட்டும், அப்புறம் அதை மூடி, தொட்டியில் அழுத்தம் ஏறியதும் லைனைத் திறந்துவிடுங்கள்.