முதலில் குடும்பப் பதிவேட்டை எடுங்கள்

தாமிரபரணிக் கரையோரச் சேகரம் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) ஒன்றில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊழியத்தின் கடைசி வருஷங்களில் கொரோனாவையும் வெள்ளத்தையும் சபையோடு சேர்ந்து கடந்தேன். புதிதாகச் சேகரம் ஏற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சபை கலங்கும்போது பிரசங்கம் தயாரிக்க உட்காராதீர்கள், சபையார் குடும்பங்களின் விவரம் எழுதியிருக்கும் குடும்பப் பதிவேட்டை எடுங்கள்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. குருத்தோலை ஞாயிறுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. வாலிபர்கள் ஆராதனையை யூடியூபில் போட்டார்கள். ஆனால் பதிவேட்டைப் பார்த்து வரிசையாகப் போன் பண்ணியபோதுதான், பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பாட்டிமார் எத்தனை பேர் என்று தெரிந்தது. அவர்களுக்காகக் கோயில் பணிவிடை செய்யும் கோயில்குட்டியார் ஞாயிறுதோறும் வழக்கமான நேரத்தில் மணி அடித்தார். மணிச் சத்தம் கேட்டதும் வீட்டிலேயே முழங்காலிட்டுக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னார்கள்.

சபைக் கமிட்டியில் ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக் கொடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். "ஜெப விண்ணப்பம் உண்டா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல ஐயா" என்றுதான் பதில் வரும். "சுகர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?" என்று கேளுங்கள்.

பழக்கத்தை மாற்ற வேண்டி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கோயில் திறந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மறுபடி தொடங்கியபோது, எல்லாரும் பருகும் ஒரே பாத்திரத்தை விட்டுச் சின்னக் கிண்ணங்களுக்கு மாறினேன். யாரிடமும் முன்கூட்டிப் பேசாமல் ஆராதனையிலேயே அறிவித்தேன், அது என் தவறு. முன்வரிசைப் பாட்டி ஒருவர் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். "எங்க வீட்டுக்காரரும் நானும் கடைசியா ஒண்ணா வாங்குனது அந்தப் பாத்திரத்துலதான் ஐயா" என்றார்.

அடுத்த மாதம் பழைய பாத்திரத்தையே பீடத்தில் வைத்து ஜெபித்து, அதிலிருந்து கிண்ணங்களில் ஊற்றினோம். பாட்டி வந்தார். அதற்குப் பிறகு எந்த மாற்றத்தையும் முதலில் வருத்தப்படக்கூடியவர்கள் வீட்டில் சொல்வேன், அப்புறம் கமிட்டியில், கடைசியில்தான் பீடத்திலிருந்து.

2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான். சபை மண்டபத்தைத் திறந்து, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வைத்திருந்த அண்டாக்களை இறக்கினோம். வருகிறவர் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்கக் கூடாது என்பதைச் சமையலில் நின்ற எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பண்டிகை வேண்டாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். ஆராதனையை விடாதீர்கள், அலங்காரச் செலவை விடுங்கள். நனைந்த பாமாலைப் (ஆராதனைப் பாட்டு) புத்தகங்களை மாடியில் காயவைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்துப் பிரித்துத்தான் அன்று பாடினோம். அப்படிப் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

நிவாரணப் பணம் வந்தால் வரவு செலவை வாராவாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

பிப்ரவரியில் பதிவேட்டை மறுபடி எடுங்கள். அதற்குள் நிவாரணம் கொண்டுவரும் வெளியூர் வண்டிகள் வருவது நின்றுபோயிருக்கும். நாங்கள் அப்போது போனபோதுதான், ஈரச் சுவரோடு யாரிடமும் சொல்லாமல் இருந்த இரண்டு வீடுகள் தெரிய வந்தன.