கான்ஃபிடன்ஸ் பேசி வராது: பெரிய ஆட்டக்காரங்கள வளர்க்கறப்ப கோச்சுங்க பண்ற தப்புகள்

பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் ரூம்ல கோச் நடுவுல நின்னு பேசுவாரு, குரல் ஏறிக்கிட்டே போகும், "இன்னிக்கு நம்மள விட்டா யாரு"ம்பாரு, எல்லாரும் கத்திக்கிட்டே வெளிய ஓடுவாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த சூடு முதல் பத்து நிமிஷம் தாங்குனாலே பெருசு, எதிராளி வரிசையா நாலு பாயிண்ட் எடுத்துட்டான்னா பேசுன பேச்செல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. நான் கொஞ்ச வருஷம் 400 மீட்டர் ஓடுனவன், அப்புறம் ஒரு கோச்சுக்கு கூடமாட நின்னு பசங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தவன், இந்த பேச்ச கேட்டும் இருக்கேன், பேசியும் இருக்கேன். ரெண்டு பக்கமும் நின்னு பாத்துட்டு சொல்றேன், ஒருத்தனோட தைரியம் அவன் ஏற்கனவே செஞ்சு பாத்த காரியத்துலதான் நிக்குது, கையில சாட்சி இல்லாம மனசு எதையும் நம்பாது. கோச் பண்ண வேண்டியது அந்த சாட்சி சேர்ற மாதிரி ப்ராக்டீஸ அமைக்கறது, அதுக்கு குறுக்கு வழி தேடறப்பதான் இந்த தப்பெல்லாம் வருது.

இது என் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்லைங்க. ஆல்பர்ட் பண்டூரானு ஒரு சைக்காலஜிஸ்ட் 1977லயே எழுதிட்டாரு, "இத என்னால செய்ய முடியும்"ங்கற நம்பிக்கை நாலு வழியில வருதுன்னு. தானே செஞ்சு ஜெயிச்ச அனுபவம் ஒண்ணு, நம்மள மாதிரி இன்னொருத்தன் செய்யறத பாக்கறது ரெண்டாவது, அடுத்தவங்க சொல்ற ஊக்க வார்த்தை மூணாவது, அந்த நேரத்துல நம்ம உடம்பு எப்படி இருக்குன்னு நாம உணர்றது நாலாவது. இதுல பலமானது முதல்ல சொன்னதுதான். நம்ம கோச்சுங்க முக்கால்வாசி நேரத்த கொட்டறது மூணாவதுல, காரணம் சிம்பிள், பேசறது சுலபம்.

ரெண்டாவது வழிக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் ராஜர் பேனிஸ்டர். 1954 மே 6ஆம் தேதி ஒரு மைல 3 நிமிஷம் 59.4 செகண்ட்ல ஓடுனாரு, நாலு நிமிஷத்துக்குள்ள யாரும் ஓடுனதே இல்லைங்கற நெலம ஒடஞ்சுது, 46 நாள்லயே ஜான் லேண்டி 3:57.9ல ஓடிட்டாரு. ஒருத்தர் மனத்தடைய ஒடச்சாரு மத்தவங்க பின்னாடி வந்தாங்கன்னு மோட்டிவேஷன் பேச்சாளருங்க இத வெச்சே பொழப்பு ஓட்டறாங்க. ஆனா லேண்டி அதுக்கு முன்னாடியே 4:02ய பல தடவ ஓடி வெச்சிருந்தவரு, பேனிஸ்டருக்கும் அந்த ரேஸ்ல முன்னால ஓடி வேகம் புடிச்சுக் குடுக்க ரெண்டு பேர் இருந்தாங்க. உடம்பு ரெடியா இருந்த ஆளுக்குத்தான் அடுத்தவன் சாதிச்சத பாத்தா பத்திக்கும்.

சரி, அப்ப ஜெயிக்கற அனுபவத்த நிறைய குடுப்போம்னு சில கோச்சுங்க ப்ராக்டீஸயே பஞ்சு மெத்த ஆக்கிடுவாங்க. சொத்த டீமோட மேட்ச், பழகுன கிரவுண்டு, நல்லா தெரிஞ்ச பந்து. ஸ்கோர் நல்லா இருக்கும், பையன் மெதப்பா இருப்பான், முதல் பெரிய அடியிலயே காலி ஆயிடுவான், ஏன்னா அவன்கிட்ட இருக்கற சாட்சி எல்லாம் சுலபமான நாளுக்கான சாட்சி. மைக்கேல் ஃபெல்ப்ஸோட கோச் பாப் போமன் இதுக்கு நேர் எதிர். ஒரு போட்டியில ரேஸுக்கு முன்னாடி ஃபெல்ப்ஸோட நீச்சல் கண்ணாடிய வேணும்னே மிதிச்சு ஒடச்சாரு, இவன் என்ன பண்றான்னு பாக்கறதுக்கு. 2008 பெய்ஜிங்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளை ஃபைனல்ல கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்து கடைசியில கண்ணே தெரியாம போனப்ப, ஃபெல்ப்ஸ் கை வீசற கணக்க எண்ணிக்கிட்டே நீந்தி சுவரத் தொட்டாரு, 1:52.03, உலக சாதனை. அந்த ஒலிம்பிக்ல அவரு வாங்குன 8 தங்கத்துல அதுவும் ஒண்ணு. அங்க போய் புதுசா தைரியம் வரல, கஷ்டத்துக்கு நடுவுல நீந்தி நீந்தி பழக்கமே ஆயிருந்துச்சு.

ஆனா இத படிச்சுட்டு நாளைக்கு எல்லாத்தையும் மிதிக்க ஆரம்பிச்சுடாதீங்க. கஷ்டம் குடுக்கறதுக்கும் அவமானப்படுத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கு. மெண்டல் டஃப்னஸ்னு பேர் வெச்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் திட்டறது, அடுத்த பையனோட ஒப்பிடறது, காயத்தோட ஓட வைக்கறது, இதெல்லாம் பண்ணா பையன் இறுகிப் போவான், அந்த இறுக்கத்த பலம்னு கோச் தப்பா எடுத்துக்குவாரு. தப்பு பண்ணா அசிங்கப்படணும்னு ஆயிட்டா அவன் புதுசா எதையும் ட்ரை பண்ண மாட்டான், சேஃபா ஆடிட்டு தோத்துட்டு வருவான்.

அடுத்தது "டென்ஷன் ஆகாதே". தயவுசெஞ்சு இத சொல்லாதீங்க. நெஞ்சு படபடக்குது, உள்ளங்கை வேர்க்குது, வயிறு கலக்குது, இதுல போய் அமைதியா இருன்னா எப்படி இருப்பான், அமைதியா இருக்க முடியலையேங்கற பயமும் சேந்துக்கும். 2014ல ஆலிசன் வுட் ப்ரூக்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் பரிசோதன பண்ணாங்க, மேடையில பாடறது, பேசறது, கணக்கு போடறது இப்படி பதட்டம் வர்ற வேலைகள்ல, "நான் அமைதியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்கள விட "எனக்கு உற்சாகமா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டவங்க நல்லா பண்ணாங்க. யோசிச்சா புரியும், பயத்துலயும் உற்சாகத்துலயும் உடம்பு பண்றது ஏறக்குறைய ஒண்ணுதான், நாம வைக்கற பேர் மட்டும்தான் வேற. அதனால பையன்கிட்ட "படபடப்பா இருக்கா, அப்ப உடம்பு ரெடி ஆயிடுச்சு"ன்னு சொல்லிப் பாருங்க.

இப்ப என் சொந்தக் கடுப்பு ஒண்ணு. ஒரு ஃபைனலுக்கு முன்னாடி, ஓட ஆரம்பிக்கறப்ப கால் வைக்கற பிளாக்குக்கு போறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும், என் கோச் வந்து "உன் வலது கை கொஞ்சம் வெளிய போகுது, பாத்துக்கோ"ன்னாரு. நல்லெண்ணத்துலதான் சொன்னாரு. நான் அந்த ஒரு ரவுண்டு முழுக்க என் வலது கையோடதான் ஓடுனேன், காலு எங்க போச்சுன்னே தெரியல, ஆறாவதா வந்தேன். பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது இதுக்கு ஆராய்ச்சியே இருக்குன்னு. சயன் பைலாக்ங்கற சைக்காலஜிஸ்ட்டோட குழு அனுபவமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரங்கள வெச்சு பாத்தாங்க, தங்களோட ஸ்விங்கையே கவனிச்சுக்கிட்டு பந்த தட்டச் சொன்னா அவங்க சொதப்பறாங்க, காதுல விழற சத்தத்த கவனிக்கற மாதிரி வேற ஒரு வேலையும் சேத்து குடுத்தப்பகூட அதவிட நல்லா தட்டுறாங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு இது அப்படியே தலகீழ், அவங்களுக்கு கவனிச்சு செஞ்சாதான் வரும். மேல் லெவல்ல இருக்கறவனுக்கு டெக்னிக் தானா ஓடற வண்டி மாதிரி, ஓடற வண்டியோட பானெட்ட தொறந்து பாக்கச் சொன்னா வண்டி நிக்கத்தான் செய்யும். திருத்த வேண்டியத ப்ராக்டீஸ் சீசன்ல திருத்துங்க. மேட்ச் அன்னிக்கு சொல்லியே ஆகணும்னா உடம்புக்கு வெளிய இருக்கற எதையாவது சொல்லுங்க, "பந்த அந்த மூலைக்கு அனுப்பு", "கடைசி நேர்கோட்டுல ட்ராக்க பின்னாடி தள்ளு", இந்த மாதிரி.

பாராட்டுலயும் சிக்கல் இருக்கு. "நீ பொறவியிலயே திறமசாலிடா"ன்னு சொல்றது கேக்க இனிப்பு, ஆனா 1998ல முல்லர், கரோல் ட்வெக்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க சின்ன பசங்கள வெச்சு பாத்ததுல, புத்திசாலின்னு பாராட்டு வாங்குன பசங்க ஒரு கஷ்டத்துல தோத்ததும் சோர்ந்துட்டாங்க, முயற்சிய பாராட்டுன பசங்க தாக்குப் புடிச்சாங்க. அமெரிக்காவுல யுசிஎல்ஏங்கற யுனிவர்சிட்டியோட பாஸ்கெட்பால் கோச் ஜான் வுடன் 12 சீசன்ல 10 சாம்பியன்ஷிப் ஜெயிச்சவரு, 1974-75 சீசன்ல அவரு ப்ராக்டீஸ்ல என்ன பேசறாருன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க உக்காந்து எண்ணுனாங்க. பாராட்டு பத்துல ஒரு பங்குகூட இல்ல, திட்டும் கொஞ்சம்தான், பாதிக்கு மேல என்ன செய்யணும் எப்படி செய்யணும்ங்கற விவரம். பிளேயர் வீட்டுக்கு எடுத்துட்டு போறது அந்த விவரத்தத்தான்.

வின்னிங் மைண்ட்செட்ங்கற வார்த்தையே நிறைய பேர குழப்பி விட்டுருக்குன்னு நெனக்கறேன். எப்பவும் ஜெயிக்கணும்னே நெனச்சுக்கிட்டு இருக்கறதுதான் அதுன்னு எடுத்துக்கறாங்க. டென்னிஸ் ஆட்டக்காரர் ரோஜர் ஃபெடரர் 2024ல ஒரு பட்டமளிப்பு விழாவுல ஒரு கணக்கு சொன்னாரு, 1,526 சிங்கிள்ஸ் மேட்ச் ஆடி கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சிருக்காரு, ஆனா பாயிண்ட் கணக்குல பாத்தா வெறும் 54 சதவீதம். உலகத்துலயே பெரிய ஆளு ரெண்டு பாயிண்ட்டுக்கு ஒண்ண கிட்டத்தட்ட விட்டுக்கிட்டேதான் இருந்திருக்காரு. ஒவ்வொரு பாயிண்ட் போறப்பவும் தலயில கை வைக்கற பையனுக்கு இந்த கணக்க எழுதி காட்டுங்க. போன பாயிண்ட்ட கழட்டி வெச்சுட்டு அடுத்ததுக்கு வர்றது ப்ராக்டீஸ் பண்ணி வர்ற பழக்கம், துண்டால மூஞ்சி தொடைக்கறது, ராக்கெட் நரம்ப சரி பண்றது, ஒரு நீள மூச்சு, எதையாவது ஒண்ண வெச்சு தினமும் பழக்கணும்.

"இதெல்லாம் லக்குப்பா, ப்ராக்டீஸ் பண்ணி வராது"ங்கறது இன்னொரு பெரிய தப்பு. ஃபுட்பால்ல மேட்ச் சமனா முடிஞ்சா மாத்தி மாத்தி பெனால்டி ஒதைச்சு முடிவு பண்ற ஷூட்அவுட்டுக்கு இத ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இங்கிலாந்து வேர்ல்ட் கப்ல 1990, 1998, 2006ன்னு மூணு ஷூட்அவுட்டும் தோத்துது. கெய்ர் யோர்டெட்னு ஒரு நார்வே ஆராய்ச்சியாளர் வீடியோவ போட்டு பாத்தப்ப தெரிஞ்சது, ரெஃப்ரி விசில் ஊதுனதும் இங்கிலாந்து ஆட்டக்காரங்க மத்த நாட்டுக்காரங்கள விட அவசரமா ஓடி வந்து ஒதைக்கறாங்க, எப்படியாவது இந்த கொடும முடிஞ்சா போதும்ங்கற மாதிரி. 1996 யூரோவுல, அதாவது ஐரோப்பிய நாடுங்களுக்கான கோப்பையில, தானே பெனால்டி விட்ட காரெத் சவுத்கேட் இங்கிலாந்து மேனேஜரா வந்தப்புறம் இத ஒரு வேலையா எடுத்து பழக்குனாரு, 2018ல கொலம்பியாவ ஷூட்அவுட்ல ஜெயிச்சாங்க, வேர்ல்ட் கப்ல அதுதான் இங்கிலாந்தோட முதல் ஷூட்அவுட் வெற்றி. அப்படின்னா கதை சுபம்னு நெனச்சுடாதீங்க, 2021ல நடந்த யூரோ ஃபைனல்ல ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் பெனால்டிக்குன்னே கடைசி நிமிஷத்துல எறக்குனாங்க, ரெண்டு பேருமே விட்டாங்க, அஞ்சாவது பெனால்டிய 19 வயசு சாக்காகிட்ட குடுத்தாங்க, அதுவும் போச்சு. ஒக்காந்தே இருந்த ஆள எழுப்பி நேரா இந்த ப்ரெஷருக்குள்ள தள்ளுனது தப்புன்னுதான் எனக்கு இன்னமும் தோணுது. அதே சாக்கா 2024 யூரோவுல சுவிட்சர்லாந்துக்கு எதிரா ஷூட்அவுட்ல போட்டாரு, அன்னிக்கு இங்கிலாந்து ஒதைச்ச அஞ்சுமே கோல்.

மனசு சரியில்லன்னு பிளேயர் சொன்னா அத சாக்குன்னு எடுத்துக்கற கோச்சும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்ல அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் டீம் ஃபைனல்ல ஒரே ஒரு வால்ட், அதாவது ஓடி வந்து எகிறி சுத்தற ஐட்டம், அதோட விலகுனப்ப எவ்ளோ பேச்சு வந்துச்சு, கோழைன்னாங்க, நாட்டுக்காக ஆடலன்னாங்க. அவங்களுக்கு வந்தது ட்விஸ்டீஸ், அந்தரத்துல சுத்தறப்ப தன் உடம்பு எந்த பக்கம் இருக்குன்னே தெரியாம போறது, அந்த நெலமையில குதிச்சா கழுத்தே ஒடஞ்சுடலாம், தன்னம்பிக்கை பேச்செல்லாம் அதுக்கு மருந்து ஆகாது. நிறுத்துனாங்க, டைம் எடுத்துக்கிட்டாங்க, 2024 பாரிஸ்ல 3 தங்கம் 1 வெள்ளி. "முடியல"ன்னு சொன்னா டீம்ல இடம் போயிடும்னு பயந்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான், காயம் முத்துனப்புறம்தான் உங்களுக்கே தெரிய வரும்.

கடைசியா தோத்த அன்னிக்கு பண்ற தப்பு. பஸ்ல ஏறுன உடனே ஆரம்பிச்சுடுவாங்க, அங்க ஏன் அப்படி ஆடுன, இங்க ஏன் விட்டன்னு. அந்த நேரத்துல அவன் காதுல ஒண்ணும் ஏறாது, உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் ஞாபகம் இருக்கும். 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்ல குகேஷ் முதல் ஆட்டத்தயே தோத்தாரு, அதுவும் வெள்ளைக்காய் வெச்சு, 18 வயசுல, டிங் லிரென்கிட்ட. அவரோட மனப்பயிற்சிக்கு பேடி அப்டன் இருந்தாரு, 2011ல இந்திய கிரிக்கெட் டீம் வேர்ல்ட் கப் ஜெயிச்சப்ப கூட இருந்த அதே ஆளு. ரெண்டாவது ஆட்டத்தயே ஜெயிச்சு காட்டறேன்னு குகேஷ் பாயல, அது டிரா, மூணாவதுல ஜெயிச்சு சமன் பண்ணாரு, பதினாலாவது ஆட்டத்துல கறுப்புக்காய்ல ஜெயிச்சு 7.5-6.5ன்னு பட்டத்த எடுத்தாரு. உங்க பையன் தோத்துட்டு வந்தா சாப்பிட வைங்க, தூங்க விடுங்க, வீடியோவ மறுநாள் போடுங்க, போட்டாலும் அவன் சரியா பண்ண ரெண்டு எடத்த முதல்ல ஓட்டி காட்டிட்டு "இங்க நீ என்ன பாத்த"ன்னு கேளுங்க, அவன் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க.